மீசை வைத்த அண்டா

கவசபுரி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மூக்காயிக்கு வலது தோள் வலித்துக்கொண்டிருந்தது.

கவசபுரியின் அரசவைப் புலவர்கள் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் கோட்டையில் தொடங்கியிருப்பார்கள், கொடியில் தொடங்கியிருப்பார்கள், மகாதளபதியின் குதிரையில்கூடத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் யாருக்கும் தோள் வலித்ததில்லை. மூக்காயிக்கு வலித்தது. கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ ஓர் ஆணியை இறக்கிவிட்டு, வேலையைப் பாதியில் போட்டுச் சாப்பிடப் போய்விட்டதுபோல ஒரு வலி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. கொண்டை போட முடியாமல், முடியைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை கல் தேய்ப்பது. தலைநகரின் கல்லச்சுக்கூடத்தில், வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையின்மேல் கொழுப்பு மசியால் படம் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு மையை உருட்டினால், கொழுப்பு பட்ட இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். வேண்டிய தாள்கள் அச்சானதும் கல் மூக்காயியிடம் வரும். அவள் மணலைத் தூவி, தண்ணீர் விட்டு, இன்னொரு கல்லை அதன்மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் சுற்றிச்சுற்றித் தேய்ப்பாள். பழையது போய்க் கல் வெள்ளையானால்தான் அடுத்த படம். ஒரு வாரம் வீரம், ஒரு வாரம் தியாகம், ஒரு வாரம் புதிய வரி. வரைந்தவர்கள் பல பேர். அத்தனையையும் அழித்தவள் மூக்காயி.

ஆக, தோள்வலி புதிதில்லை. வலிக்கும், கஞ்சி குடிப்பாள், படுப்பாள், காலையில் பாதி வலி போயிருக்கும். இப்போது மட்டும் போகவில்லை. கஞ்சி இல்லை. கஞ்சி ஏன் இல்லை என்பதற்குத்தான் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவசபுரியில் பெரிய படை இருந்தது. எதிரி இல்லை. வடக்கே மலை, கிழக்கேயும் மேற்கேயும் கடல், தெற்கே வெங்காயம் பயிரிடும் ஒரு சின்ன நாடு. மகாதளபதி கோளரியாருக்கு இது பெரிய மனக்குறையாக இருந்தது. அவர் முன்பு வெறும் தளபதி. தேர்தலில் தனியாக நின்று, தம்மைத் தவிர வேறு யாரும் நிற்காததைக் கண்டு மக்களின் அன்பை எண்ணிக் கண்ணீர்விட்டு, மகாதளபதி ஆனவர். எதிரி தேடும் துறை என்று ஒரு துறையை அவர் ஏற்படுத்தினார். அந்தத் துறை வெங்காய நாட்டுக்கு மரியாதையாக ஓர் ஓலை அனுப்பி, எதிரியாக இருக்கச் சம்மதமா என்று கேட்டது. "அறுவடை நேரம். முடிந்ததும் யோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. பதிலோடு ஒரு மூட்டை வெங்காயமும் வந்தது. அதை உளவு என்று பதிவுசெய்துகொண்டு, துறை அதிகாரிகள் சாப்பிட்டுவிட்டார்கள்.

எதிரி கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாதல்லவா? உலகத்திலேயே பெரிய பீரங்கி ஒன்றை வார்ப்பது என்று முடிவானது. பீரங்கிக்கு 'மகா சமாதானம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் சூட்டு விழா நடந்தது, பீரங்கியைப் பற்றி ஒரு பாட்டும் கட்டினார்கள். வார்ப்பதற்கு உலோகம்தான் இல்லை. ஆகவே, நாட்டிலுள்ள பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்கள் யாவும் அரசுக்கு உரியவை என்று ஆணை வந்தது.

கல்லுடைப்பார் தெருவில் அப்படி இருந்தது ஒரே ஒரு பாத்திரம். ஒரு பித்தளை அண்டா. அந்தத் தெருவில் ஆண்கள் மலையில் கல் உடைக்கிறவர்கள், பெண்கள் அச்சுக்கூடத்தில் கல் தேய்க்கிறவர்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்ட விறகுக்கு எங்கே போவது? அதனால் சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி தானியம் கொண்டுவந்து போட்டு, தெருமுனையில் ஒரே அடுப்பில் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார்கள். பிடி பெரிதா சிறிதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஊற்றும்போது பசியைப் பார்த்து ஊற்றுவார்கள். அண்டாவின் விளிம்பில் 'கல்லுடைப்பார் தெரு' என்று புள்ளிப்புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. வெட்டியவன் மூக்காயியின் புருஷன். உளியில் அவனுக்குக் கை சுத்தம். கல் சரிந்து அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த எழுத்தைத் தடவிக்கொண்டுதான் அவள் அண்டாவைத் துலக்குவாள்.

ஆணை அதிகாரி குலசேகரர் வண்டியோடு வந்தார். மிக உயரமான தொப்பி, அதைவிட உயரமான குரல்.

"அம்மணி, தாங்கள் அளிக்கும் இப்பாத்திரம் நாளை வரலாற்றில் முழங்கப் போகிறது."

"வரலாறு முழங்கட்டுங்கய்யா. நாளைக்கிக் கஞ்சிய எதுல காச்சுறது?"

"போர் முடிந்ததும் பாத்திரங்கள் உரியவர்களிடம் திருப்பித் தரப்படும். அரசின் வாக்கு."

"ரசீது ஏதாச்சும் குடுப்பீங்களா?"

குலசேகரர் முகம் வாடியது. "தாயிடம் பால் குடிக்கும் பிள்ளை ரசீது கேட்குமா?"

"பிள்ளை கேக்காதுய்யா. ஆனா இங்க தாய்தான பிள்ளைகிட்ட இருந்து புடுங்கிட்டுப் போறா" என்றாள் பக்கத்தில் நின்ற சீனியம்மா. அவளும் கல் தேய்ப்பவள். மூக்காயிக்கு எதிர்ப்பக்கம் நின்று கல் தள்ளுகிறவள். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். இல்லாதபோது வெற்றிலை இருக்கும் இடத்தில் வார்த்தை இருக்கும்.

மூக்காயி விடவில்லை. "போர் எப்ப முடியும்னு சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன்."

"தொடங்காத போரை முடிப்பது சட்டப்படி இயலாது."

"எப்பத் தொடங்கும்?"

"எதிரி கிடைத்ததும்."

வண்டி போய்விட்டது. அண்டா கவிழ்ந்து கிடந்ததால் கடைசிவரை அதன் அடிக்கரிதான் கண்ணில் பட்டது.

அதன்பின் மண்பானையில் காய்ச்சினார்கள். மண்பானை ஒரு தெருவுக்குக் காணுமா? வீட்டுக்கொரு பானை, பானைக்கொரு அடுப்பு, அடுப்புக்குக் கால் கட்டு விறகு. பாதி வெந்த கஞ்சியைக் குடித்துப் பாதித் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. மக்கள் பசியாக இருக்கிறார்கள் என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியதும், மகாதளபதி நெகிழ்ந்துபோய், இனிமேல் பசி அரைப் பட்டாளச் சேவையாகக் கருதப்படும் என்று அறிவித்தார். பசித்திருப்பவர்கள் வாரந்தோறும் அணிவகுப்புக்கு வர வேண்டும். அணிவகுப்பில் வயிறு சத்தம் போடக் கூடாது. போட்டால் அது படைத்தலைமையை எதிர்த்துப் பேசியதாகும்.

அப்படி ஓர் அணிவகுப்பில்தான் மூக்காயி மகாதளபதியை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். மேடையில் நின்றார். குட்டையான ஆள். நடு உடம்பு நன்றாகப் பருத்து, மேலே கொஞ்சம் சுருங்கி, கழுத்துப்பட்டி விளிம்புபோல விரிந்திருந்தது. காதுகள் இரண்டும் தலையைவிட்டு வெகுதூரம் விலகி வளைந்து நின்றன. வெயில் பட்டு மார்புப் பதக்கங்கள் மின்னின.

"ஏண்டி சீனி" என்றாள் மூக்காயி, உதடு அசையாமல். "நம்ம அண்டா அங்க நிக்குது பாரு."

சீனியம்மாவின் வயிறு ஏற்கெனவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது சிரிப்பும் சேர்ந்துகொண்டது. படைத்தலைமையை எதிர்த்ததற்காக அவளுக்கு ஒரு நாள் கூடுதலாகப் பசித்திருக்கும் தண்டனை கிடைத்தது.

மறுநாள் அச்சுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது சித்திரக்காரர் வேம்பு கேட்டுக்கொண்டிருந்தார். 'உறைப்பு' என்ற வாரத்தாளுக்குக் கேலிப்படம் போடுகிறவர். ஒடிசலான ஆள், விரலெல்லாம் மசி. அதிகம் பேசமாட்டார்.

"அக்கா, அந்த அண்டா எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? அண்டா மாதிரி இருக்கும்."

"வளையம் எங்க வரும்? விளிம்பு எவ்வளவு அகலம்?"

மூக்காயி ஈரக்கல்லின்மேல் விரலால் வரைந்து காட்டினாள். அவர் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தார். சாயங்காலம் பார்த்தால், கல்லின்மேல் ஓர் அண்டா நின்றிருந்தது. மேடையில் நின்றிருந்தது. மீசை வைத்திருந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வளையம். மார்பில் பதக்கங்கள். எதிரே ஒட்டிய வயிறுகளோடு ஒரு கூட்டம், கையில் காலிக் குவளைகளை ஏந்தி வணக்கம் செலுத்திக்கொண்டிருந்தது. அடியில் ஒரே வரி: 'பெருந்தலைவரே, உள்ளே ஏதாவது இருக்கிறதா?'

முதலாளி ஏகாம்பரம் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "இத அடிச்சா என்னையும் சேத்து அடிப்பானுக" என்றார். பிறகு, தம் வீட்டுக் குத்துவிளக்கும் அந்த வண்டியில்தான் போனது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "சரி, அடிங்கடா" என்றார்.

நகரம் சிரித்தது. பசியில் சிரித்தால் விலா வலிக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் புரிந்தது. மகாதளபதி வீதியில் போனால் வணக்கம் வைத்தார்கள். வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோலக் கழுத்தை நீட்டினார்கள். வணக்கம் குற்றமில்லை. கழுத்தை நீட்டுவதும் அதுவரை குற்றமில்லை.

வேம்புவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் படத்தை உயர்த்திக் காட்டினார்.

"கனம் நீதிபதி அவர்களே, எந்த நாட்டிலாவது அண்டாவுக்கு மீசை உண்டா?"

"அடுப்பேறி ரொம்ப நாளாச்சுங்க" என்றார் வேம்பு. "வாயில ஒட்டடை புடிச்சிருக்கு."

"மார்பில் பதக்கங்கள்?"

"ஈயப்பூச்சு உரிஞ்சு திட்டுத்திட்டாத் தெரியுது."

"இந்தக் காதுகள்?"

"வளையங்கய்யா. தூக்கி இறக்கணும்ல?"

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "ஆக, இது மாட்சிமை தங்கிய மகாதளபதி அல்ல என்று சாதிக்கிறீரா?"

"நான் போட்டது அண்டா. மகாதளபதின்னு சொன்னது அரசாங்கம். எனக்குத் தோணவே இல்ல. இப்ப நீங்கல்லாம் சொன்னப்புறம் பாத்தா..." வேம்பு படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். "லேசா ஒரு சாடை இருக்கத்தான் செய்யுது."

தளபதிகள் வரிசையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். படத்தைக் கண்ட கணமே தங்கள் தலைவரை அடையாளம் கண்டுகொண்டதாக வாளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் எழுந்து நின்று படத்துக்கே வணக்கம் செலுத்தினார். தீர்ப்பு நீளமானது. அதன் சாரம் இது: அண்டா மகாதளபதியை ஒத்திருக்கிறது என்பதை இந்த நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்கிறது. ஆகவே சித்திரக்காரர் குற்றவாளி.

ஆயுதக் கிடங்கில், வீடுகளில் பறித்து வந்த பாத்திரங்களை அடுக்கும் கடுங்காவல் கொடுத்தார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது, கும்பலில் நின்ற மூக்காயியைப் பார்த்து வேம்பு சொன்னார்: "போயி உங்க அண்டாவத் தேடிப் பாக்குறேங்க்கா."

தீர்ப்பு ஒரு சிக்கலை உண்டாக்கிவிட்டது. அண்டா மகாதளபதியை ஒத்திருக்கிறது என்றால், நாட்டில் கிடக்கும் குண்டுப் பாத்திரங்கள் எல்லாம் மகாதளபதியைக் கேலி செய்துகொண்டிருக்கின்றன என்று ஆகிறது. ஆகவே புதிய ஆணை தயாரானது. வயிறு பருத்த எந்தப் பாத்திரத்தையும் வரைவது, வைத்திருப்பது, இடுப்பில் ஏந்துவது, அதன் பெயரை வாயால் சொல்வது ராஜத்துரோகம். குடிமக்கள் இனித் தட்டையான பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும்.

குயவர் தெருவில் தடியோடு புகுந்தார்கள். கல்லுடைப்பார் தெருவில் இருந்த மண்பானைகளையும் உடைத்தார்கள். பெண்கள் மரத் தாம்பாளத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஆற்றிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தாம்பாளம் மட்டும் வந்து சேர்ந்தது. கஞ்சி போய், மாவைத் தண்ணீரில் குழைத்துப் பச்சையாக நக்குவது என்றானது.

அந்த ஆணையை அச்சடிக்கும் பொறுப்பு ஏகாம்பரத்தின் தலையில் விழுந்தது. விடிவதற்குள் வேண்டும். நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒட்ட வேண்டும். அடியில் மகாதளபதியின் முத்திரை. அவ்வளவு பெரிய கல் கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதில்தான் வேம்புவின் அண்டா இருந்தது.

"தேச்சு எடு, மூக்காயி" என்றார் ஏகாம்பரம்.

தேய்த்தாள். ஒருபக்கம் அவள், எதிர்ப்பக்கம் சீனியம்மா. மணல் கரகரவென்று சுற்றியது. வயிற்றில் பச்சை மாவு கல்லாகக் கிடந்தது. ஆணி இறங்கிய தோள் முதலில் எரிந்தது, அப்புறம் மரத்தது, அப்புறம் அவளுடையதாகவே இல்லை. மீசை போயிற்று. பதக்கங்கள் போயின. வளையங்கள் போயின. கல் வெள்ளையாகிவிட்டது. கண்ணுக்கு வெள்ளையானாலும் போதாது, கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கும், அதற்குமேலும் வெகுநேரம் தேய்க்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏகாம்பரத்துக்கும் தெரியும். ஆனால் சீனியம்மா கண் செருகித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்காயியின் கை மேல்கல்லை நகர்த்தவில்லை. அவள் கையைப் பார்த்தாள். அது யாரோ ஒருத்தியின் கைபோலக் கல்லின்மேல் கிடந்தது.

"முடியலங்க" என்றாள்.

ஏகாம்பரம் கல்லைக் குனிந்து பார்த்தார். "வெள்ளையாத்தான இருக்கு. போதும், எழுதச் சொல்லு."

முதலில் அச்சான தாள்கள் சுத்தமாக இருந்தன. அவை அரண்மனைக்குப் போயின. மகாதளபதி படித்து மகிழ்ந்தார். மை ஏற ஏற, தாள் போகப் போக, எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிழல் எழும்பியது. முதலில் வயிறு. பிறகு விளிம்பு. பிறகு இரண்டு வளையம். அவசரத்தில் யாரும் தாளைப் பார்க்கவில்லை. அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். சிப்பாய்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள். விடிந்து மக்கள் வெளியே வந்து பார்த்தால், பருத்த வயிற்றுப் பாத்திரத்தை வரைந்தால் தலை போகும் என்ற ஆணையின் நடுவே, அரச முத்திரைக்கு நேர் மேலே, அண்டா ஒன்று ஆவியாக நின்றது.

இந்த முறை நகரம் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. தாளைத் தொட்டுப் பார்த்தது.

மூக்காயிக்குத்தான் பயம். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் சொன்னால் நம்புவார்களா? குலசேகரர் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தபோது தொப்பி தலையில் கோணலாக இருந்தது.

"யார் இந்தக் கல்லைத் தேய்த்தது?"

"நாந்தாங்க."

"ஏன் முழுமையாகத் தேய்க்கவில்லை?"

"தெம்பு இல்லங்க."

"உடனே தேய்! கல்லே இல்லாமல் போகும்வரை தேய்! மாலைக்குள் புதிய தாள் வேண்டும்!"

மூக்காயி மணல் வாளியைப் பார்த்தாள். கையை எடுத்து அதில் வைக்கப் போனாள். தோளில் இருந்த ஆணி ஒரு திருகு திருகியது. அந்த நொடியில் அவளுக்குள் பயம் எங்கோ போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"தேய்க்கிறங்கய்யா. ஒங்க ஆணை, தேய்க்காம இருப்பமா? தேய்க்கத் தெம்பு வேணும். தெம்புக்குக் கஞ்சி வேணும். கஞ்சி காய்ச்ச எங்க பாத்திரம் வேணும். அதக் குடுங்க, இதத் தேய்க்கிறேன்."

"எந்தப் பாத்திரம்?"

"பேரச் சொல்லக் கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்களே. நீங்களே படிச்சுக்கங்க." அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.

குலசேகரர் நேர்மையான அதிகாரி. மேலிடத்துக்கு எழுதாமல் எதையும் மறுக்கமாட்டார். எழுத உட்கார்ந்தார். அண்டா என்று எழுத முடியாது, அது ராஜத்துரோகம். தீர்ப்பில் இருந்த சொற்களை எடுத்துக்கொண்டார். 'கல் தேய்ப்போர் கஞ்சி காய்ச்சிக்கொள்ளும் பொருட்டு, மாட்சிமை தங்கிய மகாதளபதியை ஒத்த பொருள் ஒன்றை அடுப்பில் ஏற்ற அனுமதி வேண்டப்படுகிறது.'

பதில் குதிரையில் வந்தது. போர் முடியட்டும் என்றிருந்தது. குலசேகரரின் பதவி ஒருபடி குறைக்கப்பட்டது என்றும் இருந்தது.

கல்லைத் தேய்க்கச் சிப்பாய்களை விட்டார்கள். அவர்கள் முரட்டுத்தனமாக ஒருபக்கமே தேய்த்துக் கல்லைப் பள்ளமாக்கினார்கள். அடுத்த ஆணை, அதை மறுத்த ஆணை, முந்தைய இரண்டு ஆணைகளிலும் எதுவும் தெரியவில்லை என்று அறிவித்த ஆணை, எல்லாவற்றிலும் அண்டா வந்தது. ஒவ்வொன்றிலும் முத்திரை இருந்தது.

சாயங்காலம் தெருமுனையில், எரியாத அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆயுதக் கிடங்கு வேலையிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரன் வேம்புவின் சேதியைக் கொண்டுவந்திருந்தான். அண்டா உள்ளேதான் இருக்கிறதாம். இன்னும் உருக்கவில்லையாம். உருக்க விறகு இல்லையாம். விளிம்பில் பெயர் பளிச்சென்று தெரிகிறதாம்.

மூக்காயி வீட்டு வாசலில் இருந்த தாளைக் கிழியாமல் உரித்து எடுத்தாள். அடுப்படிக்குக் கொண்டுவந்து விரித்தாள்.

"ஏண்டி சீனி, அன்னிக்கி ரசீது கேட்டனே."

"ஆமா. தாய்ப்பால் கதையச் சொன்னான்."

"இந்தா, குடுத்துட்டானே." அவள் விரல் சாம்பல் நிழலின்மேல் போனது. "இது நம்ம பாத்திரம். இது அவுக முத்திரை. ஒரே தாள்ல இருக்கு. வேறென்ன வேணும் ஒரு ரசீதுக்கு?"

சீனியம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கான், அக்கா" என்றாள் மெதுவாக. "நாடு பூரா ஒட்டியிருக்கான்."

காலையில் ஆயுதக் கிடங்கின் வாசலில் கல்லுடைப்பார் தெரு நின்றது. அதன் பின்னால் குயவர் தெரு. அதன் பின்னால் பெயர் தெரியாத தெருக்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு தாள். சிப்பாய்கள் துப்பாக்கியோடு வரிசை கட்டினார்கள். ஒருபடி குறைந்த குலசேகரர் படியில் நின்றார்.

"என்ன இது?"

"ரசீதுங்க" என்றாள் மூக்காயி. "பொருளக் குடுங்க, போயிட்டே இருக்கோம்."

"இது அரசாணை!"

"ஆமாங்க, அரசாங்கம் குடுத்ததுதான். முத்திரைகூட இருக்கு. எங்களுக்கு என்ன குடுக்கணும்னு படமும் போட்டிருக்கு. அண்டா."

அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. யாரும் சுடவில்லை. பின்னால் ஒரு கிழட்டுக் குரல் "அண்டா" என்றது. அப்புறம் ஒரு பெண் குரல். அப்புறம் தெருக்கள் தெருக்களாக, வாய் நிறைய, பசி தீர்கிற மாதிரி அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். கிடங்கின் உள்ளேயிருந்து, பாத்திரத்தைக் கரண்டியால் தட்டும் ஓசை கேட்டது. வேம்புவாகத்தான் இருக்க வேண்டும்.

"நிறுத்துங்கள்!" குலசேகரர் தாளைப் பிடுங்கி உயர்த்தினார். "இது அண்டா அல்ல! அல்லவே அல்ல!"

மூக்காயி ஒரு படி ஏறினாள். "அண்டா இல்லையா? அப்ப இது யாருங்கய்யா?"

குலசேகரர் வாயைத் திறந்தார். தீர்ப்பு நினைவுக்கு வந்தது. மூடினார். சிப்பாய்கள் தத்தம் பூட்ஸை உற்றுப் பார்த்தார்கள். ஒருவன் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அப்போது மேல்மாடத்தில் எக்காளம் ஊதியது. மகாதளபதி கோளரியாரே வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. ஆண்டுக்கணக்கில் பிள்ளை இல்லாதவனுக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷம் இருந்தது.

"குடிமக்களே! எல்லைக்கு அப்பால் இத்தனை காலம் வீணாகத் தேடினோம். எதிரி தேடும் துறை சற்றுமுன் அறிக்கை தந்திருக்கிறது. எதிரி கிடைத்துவிட்டார்!" அவர் கை கீழே நீண்டது. "கல்லுடைப்பார் தெருவின்மீது கவசபுரி இந்தக் கணமே போர் தொடுக்கிறது!"

சிப்பாய்களின் துப்பாக்கிகள் உயர்ந்தன.

கூட்டத்தில் சிலர் பின்வாங்கினார்கள். மூக்காயி நகரவில்லை. வலிக்காத கையால் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஏண்டி சீனி, போர் தொடங்கிருச்சாம்ல?"

"தொடங்கிருச்சுக்கா. காதால கேட்டேன்."

"தொடங்காததாலதான முடிக்க முடியாதுன்னாக. இப்பத் தொடங்கியாச்சு." அவள் கிடங்கு வாசற்படியில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் செருகி, தாளை மடியில் விரித்து, அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். "முடிச்சுட்டுச் சொல்லுங்கய்யா. நான் இங்கனதான் இருக்கேன்."

சீனியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். குயவர்கள் உட்கார்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் திரும்பி வந்து, இடம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

சுடும் ஆணைக்காகச் சிப்பாய்கள் காத்திருந்த அந்த நிசப்தத்தில், வரிசையில் யாரோ ஒருவனுடைய வயிறு சத்தம் போட்டது. நீளமாக, கூச்சமில்லாமல். பக்கத்தில் இருந்தவனின் வயிறு அதற்குப் பதில் சொன்னது. அப்புறம் வரிசை முழுக்கப் படைத்தலைமையை எதிர்த்துப் பேசத் தொடங்கியது.

கவசபுரியில் அந்தப் போர் இன்னும் நடக்கிறது. எத்தனையோ மகாதளபதிகள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் பதவிக்கு வந்ததும் வாசற்படியில் இருப்பவர்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். எதிரி என்று அதிகாரிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாள்கள் மஞ்சளாகிவிட்டன. எழுத்து மங்கிவிட்டது. நிழல் மங்கவில்லை. கணக்கு சின்னது. கவசபுரி அரசு, கல்லுடைப்பார் தெருவுக்கு, விளிம்பில் பெயர் வெட்டிய ஒரு பித்தளை அண்டா தர வேண்டும்.